ரப்பர்ப் பாலும் வேதியியல் கணக்கும்

ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியும் கலைக்குப் பகுப்பாய்வு வேதியியல் என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும், செயல் நமக்குப் புதியதன்று. பால் ஸ்டோரில் நடக்கும் சோதனையும் அதுதான்.

மங்கில் வடியும் பால் முழுவதும் ரப்பர் அன்று, பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 40 பங்கு இருக்கும். மரத்தின் இனம், பருவம், மழை ஆகியவற்றால் இது மாறும். "என்ன இருக்கிறது?" என்று பார்ப்பது பண்பறி பகுப்பாய்வு, "எவ்வளவு?" என்று பார்ப்பது அளவறி பகுப்பாய்வு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

வாளிப் பால் முழுவதையும் உலர்த்திப் பார்க்க இயலாது. சிறிதளவு எடுக்கிறோம், அதற்கு மாதிரி என்று பெயர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் வாளியிலுள்ள பால் பல மரங்களின் பால். நன்றாகக் கலக்கிய பிறகு எடுத்தால்தான் மாதிரி முழு வாளிக்கும் சாட்சி சொல்லும்.

10 கிராம் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, கழுவி, உலர்த்துகிறார்கள். மீண்டும் மீண்டும் நிறுத்தும் எடை குறையாவிட்டால், ஈரம் போய்விட்டது என்று பொருள். இதுவே மாறா எடை. தகடு 3.5 கிராம் இருந்தால் ரப்பர் நூற்றுக்கு 35. அப்படியானால் 20 கிலோ பாலில் 7 கிலோ ரப்பர் உண்டு.

மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி விரைவாக விடை தரும். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழ்ந்து இறங்கும். நீர் கூடிய பாலில் மேலே நிற்கும். எனினும் இது மதிப்பீடே. உலர்த்தி நிறுப்பதே உறுதியான முறை.

இனி இரண்டு சொற்களைப் பிரித்தறிவோம். பலமுறை அளந்தும் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் அது நுட்பம். விடை உண்மைக்கு நெருங்கியிருந்தால் அது துல்லியம். சுழியத்தில் நில்லாத தராசு பத்து முறையும் ஒரே தவறான விடையைச் சொல்லும். நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை. 10 கிராம் மாதிரியிலிருந்து கிடைத்த தகட்டின் எடையில் 0.1 கிராம் பிழை வந்தால், 20 கிலோ பாலுக்கு 200 கிராம் ரப்பர் கணக்கு மாறிவிடும். தகடு சரியாக உலராவிட்டால் கணக்குக் கூடும். கழுவும்போது துணுக்குகள் போனால் குறையும். இரண்டுமே நியாயமன்று.

ஆகவே மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். பால் நன்கு கலக்கப்பட்டதா? தராசு சுழியத்தில் நின்றதா? தகடு மாறா எடைக்கு உலர்ந்ததா? இவற்றைப் பணிவாகக் கேட்பது சண்டையன்று. நம் உழைப்பின் அளவை அறிவதாகும். பள்ளியில் பிள்ளைகள் கற்கும் நூற்றுவீதக் கணக்கும் இதற்குத்தான் பயன்படுகிறது. இன்று மாலை அவர்களையே கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.