பட்டமா, பணித்திறனா?

தம்பி! அருப்புக்கோட்டைத் தறியோசையிலும் திருச்சுழிக் கரிசலிலும் வளர்ந்த பிள்ளை மென்பொருள் எழுதும் வேலை கேட்டால், “பட்டம் எங்கே?” என்று வாயிலிலேயே மறிக்கிறார்கள்!

பள்ளியிறுதித் தேர்வில் தேறாத கலைஞர் 1969-இல் முதலமைச்சரானார். நாடாளத் தேவைப்படாத பட்டம், கணினிக்கு நிரல் எழுதத் தேவையாம்!

தேவையில்லை என்பதற்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு. 2011-இல் தென்காசியில் அலுவலகம் திறந்த சோகோ, பிளஸ் டூ முடித்தோரைக் கட்டணமின்றி, உதவித்தொகை தந்து பயிற்றுவிக்கிறது. எச்.சி.எல். 2017 முதல் பிளஸ் டூ பிள்ளைகளைச் சேர்க்கிறது. அங்கே கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரி.

வாயில் குறுகியது, தேர்வு உண்டு. ஆகவே, மாலையில் படிப்பகத்தைத் திற; பிள்ளைகளை ஆயத்தம் செய். மற்ற நிறுவனங்களிடம் உரக்கக் கேட்போம்: தாளைப் பார்க்காதே, திறனைப் பார்!