லாபம் ரூ.24,500... கையில் இருப்பதோ ரூ.13,000! ஒரு ஹோம்வொர்க் கணக்கு சொல்லும் பாடம்

"லாபம்தான் வந்திருக்கே, அப்போ காசு எங்க?" கணக்குப்பதிவியல் படிக்கத் தொடங்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. வேலை பார்த்துக்கொண்டே சின்னதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கும் இதே சந்தேகம் வரும். வகுப்பில் தப்பு செய்தால் மார்க்தான் போகும். தொழிலில் தப்பு செய்தால் அடுத்த மாத வாடகையே கையில் இருக்காது.

முதலாண்டு மாணவர்களுக்குத் தரப்படும் பாணியில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

கணக்கு இதுதான்

ஏப்ரல் 1-ம் தேதி ஒரு பெண் ரூ.1,00,000 முதல் போட்டு டி-ஷர்ட் பிரின்டிங் தொழில் தொடங்குகிறார். அந்த மாதம் நடந்தவை:

• பிரின்டிங் மெஷின் - ரூ.60,000 (ரொக்கம், 5 ஆண்டுகள் உழைக்கும்)
• 200 பிளைன் டி-ஷர்ட், ஒன்று ரூ.150 - ரூ.30,000 (ரொக்கம்)
• வாடகை, கரன்ட் பில் - ரூ.12,000 (ரொக்கம்)
• 150 டி-ஷர்ட் விற்பனை, ஒன்று ரூ.400 - ரூ.60,000

விற்ற தொகையில் ரூ.15,000 உடனே வந்துவிட்டது. மீதி ரூ.45,000 ஒரு கல்லூரி விழாவுக்குக் கடனாகக் கொடுத்த சரக்கு. இப்போது கேள்வி: ஏப்ரல் மாத லாபம் எவ்வளவு?

மூன்று பேர், மூன்று விடை

முதல் மாணவர் வந்த பணத்திலிருந்து போன பணத்தைக் கழிக்கிறார். வந்தது ரூ.15,000, போனது ரூ.1,02,000. "ரூ.87,000 நஷ்டம்" என்கிறார். தப்பு. 5 வருஷம் ஓடப்போகிற மெஷினின் முழு விலையையும் ஒரே மாதத்தின் தலையில் கட்ட முடியாது.

இரண்டாவது மாணவர் மெஷினை விட்டுவிடுகிறார். விற்பனை ரூ.60,000-ல் டி-ஷர்ட் ரூ.30,000, வாடகை, கரன்ட் ரூ.12,000 போக ரூ.18,000 லாபம் என்கிறார். கிட்ட வந்துவிட்டார், ஆனாலும் தப்பு. விற்றது 150 தானே? மீதி 50 டி-ஷர்ட் அலமாரியில் இருக்கிறது. அது செலவு இல்லை, சரக்கிருப்பு.

மூன்றாவது மாணவர் விற்ற 150-க்கு மட்டும் ரூ.22,500 கழிக்கிறார். வாடகை, கரன்ட் ரூ.12,000. மெஷின் விலையை 60 மாதங்களுக்குப் பிரித்து, ஒரு மாதத் தேய்மானமாக ரூ.1,000. விடை: லாபம் ரூ.24,500. இதுதான் சரி. கல்லூரி இன்னும் பணம் தரவில்லை என்றாலும், சரக்கைக் கொடுத்த மாதத்திலேயே அது வருமானமாகப் பதிவாகும்.

அப்போ காசு எங்கே?

கையில் இருப்பது ரூ.13,000 மட்டும். மற்றதெல்லாம் வேறு உருவத்தில் இருக்கிறது. கல்லூரி தர வேண்டியது ரூ.45,000, சரக்கு ரூ.7,500, தேய்மானம் போக மெஷின் ரூ.59,000. எல்லாம் சேர்த்தால் ரூ.1,24,500.

எதிர்ப்பக்கம் பாருங்கள்: முதல் ரூ.1,00,000, லாபம் ரூ.24,500. அதுவும் ரூ.1,24,500. இரண்டு பக்கமும் டேலி ஆகிறது. 1494-ல் வெனிஸில் அச்சான நூலில் லூகா பாச்சோலி விளக்கிய இரட்டைப்பதிவு முறையின் அடிப்படை இதுதான். பணம் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மே மாதம்தான் சோதனை

அடுத்த மாதமும் 200 டி-ஷர்ட் வாங்கி, வாடகை, கரன்ட் பில் கட்ட ரூ.42,000 வேண்டும். கையில் ரூ.13,000. மீதமுள்ள 50 டி-ஷர்ட்டையும் ரொக்கத்துக்கே விற்றால் ரூ.20,000 வரும். அப்பவும் ரூ.9,000 பத்தாது. லாபத்தில் ஓடும் தொழில், வட்டிக்குக் கடன் வாங்க நிற்கிறது!

ஆர்டர் கூடினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கூடுவது கடன் ஆர்டராக இருந்தால், முன்கூட்டியே துணி வாங்கப் பணம் தேவை. பற்றாக்குறையும் சேர்ந்தே கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-ன்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால், தொழில் தொடங்கும்போதே உத்யம் பதிவை முடித்துவிடுவது நல்லது.

ஆனாலும் 45-வது நாள் வரப்போகும் பணத்தை வைத்து 5-ம் தேதி வாடகை கட்ட முடியாது. அதனால் பெரிய ஆர்டருக்கு, குறைந்தது துணி வாங்கும் செலவையாவது அட்வான்ஸாகக் கேட்கலாம். மாதக் கடைசியில் நோட்டில் இரண்டு வரி எழுதலாம்: இந்த மாதம் லாபம் எவ்வளவு, அடுத்த மாதம் 5-ம் தேதி கையில் எவ்வளவு இருக்கும்.

அந்தக் கல்லூரியிடம் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கியிருந்தால் லாபம் அதே ரூ.24,500 தான். கையில் மட்டும் ரூ.35,500 இருந்திருக்கும்.