கொல்லைக் குளத்தில் பதுங்கும் கொசு! மூட வேண்டியது குளத்தை அல்ல

கரியமாணிக்கம்:

"குளத்துல ஒரே கொசு. நாலு லோடு மண்ணை அடிச்சு மூடிடுங்க!"

கிராமத்து வீடுகளில் இந்த யோசனை அடிக்கடி காதில் விழும். மூடினால் கொசு போய்விடுமா? போகாது! டெங்கு கொசு குளத்தில் வளர்வதே இல்லை. அது வளர்வது வாசலில் கிடக்கும் கொட்டாங்குச்சியிலும், பழைய டயரிலும், மூடாத தொட்டியிலும்தான்.

புதுவை வட்டாரத்தில் 84 ஏரிகள் இருக்கின்றன. அவற்றைச் சீர்செய்ய ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு 1999-ல் திட்டம் வந்தது. ஆனால் கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம் பக்கம் கொல்லையில் கிடக்கும் சின்னக் குளத்துக்குத் திட்டம் எதுவும் வராது. வீட்டுக்காரர்தான் அதிகாரி, அவரேதான் கூலியாள்!

வேரில் ஒளியும் எதிரி

குளத்தை நம்பி வாழும் கொசு வேறு. 'மான்சோனியா' என்பது அதன் பெயர். மற்றக் கொசுப் புழுக்கள் மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வரும். இது வராது. ஆகாயத் தாமரை, வெங்காயத் தாமரை ஆகிய செடிகளின் வேரைத் துளைத்து, அதற்குள் இருக்கும் காற்றைக் குடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும். எண்ணெய் ஊற்றினாலும் தப்பிவிடும். மீன் விட்டாலும் வேர்க்கூட்டத்துக்குள் சிக்காது!

கேரளத்தில் சேர்த்தலை வட்டாரத்தில் இந்தக் கொசு யானைக்கால் நோயைப் பரப்பியது. அங்கே வீட்டுக்கு வீடு குளம். குளம் நிறைய ஆகாயத் தாமரை.

1980-களில் அங்கே போய் வேலையில் இறங்கியது நம்ம புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள கொசு ஆராய்ச்சி மையம். 1975-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது.

மருந்து அடிப்பதை மட்டும் நம்பவில்லை. "செடியை எடுங்கள், மீன் வளருங்கள்" என்று வீட்டுக்காரர்களிடம் சொன்னார்கள். மீன் விற்றால் காசு வரும் என்றதும் ஜனங்களே குளத்தில் இறங்கினார்கள். கொசுவுக்கு வீடு போனது. குடும்பத்துக்கு வரும்படி வந்தது!

என்ன செய்யலாம்?

சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றும்போது செடியை வேரோடு வாரி எடுக்க வேண்டும். கரையிலேயே போட்டால் மழையில் மறுபடி குளத்துக்குள் போய்விடும். எருக்குழியில் தள்ளுவதே நல்லது. அடியில் உள்ள வண்டல் வயலுக்கு உரம்.

குளத்தின் நடுப்பகுதி ஆழமாக இருந்தால் கோடையிலும் மீன் பிழைக்கும். ஒரு பக்கக் கரை சரிவாக இருக்கட்டும். தவளை ஏறும், மடையான் நின்று மீன் பிடிக்கும். ஒரு மூலையில் கொஞ்சம் அல்லியை விட்டு வைக்கலாம். அங்கே தும்பி முட்டையிடும். தும்பிக் குஞ்சுக்குக் கொசுப் புழுதான் சோறு!

சாக்கடையைக் குளத்தில் விடக் கூடாது. வயலுக்கு மருந்தடித்த டப்பாவை அதில் கழுவவும் கூடாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலி கட்டாயம்.

எந்த மீன்?

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றையும் சேர்த்து விட்டால் ஒன்றின் இரையை இன்னொன்று பறிக்காது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் ஊர்ப் பொடி மீன், மேலே மிதக்கும் கொசுப் புழுவைத் தேடித் தேடித் தின்னும்.

'கம்பூசியா' கொசு மீனை அவசரப்பட்டு விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் தலைப்பிரட்டையையும் நம் ஊர் மீன் குஞ்சுகளையும் சேர்த்தே விழுங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். அதை வளர்க்க 2000-லேயே மத்திய அரசு தடை போட்டது. மழையில் குளம் வழிந்தால் வாய்க்காலுக்குப் போய், எதிர்ப்பட்டதை எல்லாம் தின்று தீர்க்கும்!

மண் லாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். குளத்தில் மிதக்கும் செடி ஒன்றைப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் நன்றாக உதறிப் பாருங்கள். வேரிலிருந்து புழு நெளிந்து விழுந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அப்போது மண்வெட்டி எதற்கு? துறட்டி போதும்!