பட்டா நிலத்துச் செம்மரத்தின் கணக்கு

ஆலமரக் காட்டால் பெயர் பெற்ற ஊர் திருவாலங்காடு. காடு போயிற்று; பெயர் நிற்கிறது. இனி இவ்வட்டாரத்தில் காடு வளர வேண்டுமானால், உழவரின் பட்டா நிலத்திலும் வளர வேண்டும்.

வடக்கே சேஷாசலம் மலை செம்மரத்தின் தாயகம். திருவள்ளூர் மாவட்ட உழவர் சிலரும் அதை வளர்க்கின்றனர். சவுக்கு நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். செம்மரம் நன்கு வைரம் பாய 25 ஆண்டுகளேனும் ஆகும். வட்டி 8 விழுக்காடு எனக் கொண்டால், 25 ஆண்டு கழித்து வரும் 1 லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 14,600 ரூபாய்தான். (வகுப்பறையில் மாணவர்கள் நம்ப மறுத்த கணக்கு இது.) இடையில் மகளின் திருமணமோ மருத்துவச் செலவோ வந்தால் வெட்டியும் பயனில்லை, இளமரத்துக்கு விலையில்லை.

காத்திருந்தவருக்கும் வெட்ட, ஏற்றிச்செல்ல, ஏற்றுமதி செய்ய என அனுமதிகள் உண்டு. ஒவ்வொரு தாமதத்தையும் வணிகர் தாம் தரும் விலையில் கழித்துக்கொள்கிறார். மலையில் திருடி விற்பவரின் விலையிலோ 25 ஆண்டுக் காத்திருப்பும் இல்லை, அனுமதிச் செலவும் இல்லை. நேர்மையான உழவர் போட்டியிடுவது அந்த விலையோடு.

2025 ஆகஸ்டில் தேசியப் பல்லுயிர் ஆணையம் இம்மாவட்ட உழவர் 18 பேருக்கு ஆதாயப் பங்காக 55 லட்சம் ரூபாய் வழங்கியது. சராசரியாக ஆளுக்கு 3 லட்சம். வரவேற்கத்தக்கதே. ஆனால் அது விற்ற பின் வரும் பணம். உழவர் தடுமாறுவது நடுவழியில். அடங்கலில் மரங்களை எண்ணிப் பதிந்து, அப்பதிவையே வெட்டுவதற்கான சான்றாக ஏற்று, நிற்கும் மரத்தின்மீது கூட்டுறவு வங்கி கடனும் தந்தால், பத்தாம் ஆண்டில் அவர் செம்மரத்தைக் களைந்து சவுக்குக்குத் திரும்ப வேண்டியிராது.