பல்லுதானே என்று தள்ளிப்போட்டால் சர்க்கரையும் ஏறும்!

நெட்டுக்குப்பத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் இது. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், ஆற்றில் இறங்கி இறால் பிடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம், கூடையில் மீனை நிரப்பிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பெண்கள் வேறொரு பக்கம். இப்படி உழைக்கிறவர்களுக்கு வெறும் வயிற்றில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கெட்டும்தான் பல நாள் காலைச் சாப்பாடு. தூக்கத்தை விரட்டவும் பசியை மறக்கவும் சிலருக்கு வெற்றிலை பாக்கு, சிலருக்குப் புகையிலை, சிலருக்கு மாவா.

இந்த ஓட்டத்தில் பல் வலித்தால் என்ன செய்வார்கள்? ஒரு கிராம்பை வைத்துக் கடிப்பார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கடையில் ஒரு வலி மாத்திரை. ‘பல்லுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்.’

ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும் என்பது நியாயமான கவலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, இந்தப் பகுதி மீனவர்கள் நாள்கணக்கில் தொழிலுக்கே போக முடியவில்லை. கையில் காசு குறையும்போது வீட்டில் முதலில் தள்ளிப்போடப்படுவது பல் வைத்தியம். நெட்டுக்குப்பத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இதுதான் கதை.

சிக்கல் என்னவென்றால், வாய்க்குள் வரும் நோய் வாய்க்குள்ளேயே இருந்துவிடுவதில்லை.

வலிக்காத நோய்தான் ஆபத்து

சொத்தைப் பல் வலித்துக் கூப்பிடும். ஈறு நோய் அப்படிக் கூப்பிடாது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் அது கெட்டியாகிக் காரையாகிவிடும். ஈறு சிவந்து வீங்கும். தேய்க்கும்போது ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும்.

விட்டுவிட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஈறு கீழே இறங்கும், வாய் நாற்றமடிக்கும், பல் ஆடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இத்தனையும் பெரிய வலி இல்லாமலே நடந்துவிடும். ‘வயசாச்சு, பல்லு ஆடத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். உண்மையில் பல்லை ஆட்டுவது வயதல்ல, கவனிக்காமல் விட்ட ஈறு நோய்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் இருவழிப் பாதை

ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைகிறது. எச்சில் குறைந்து வாய் உலர்கிறது. புண் ஆறத் தாமதமாகிறது. அதனால் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய், ஆறாத புண் ஆகிய ஐந்தோடு, ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பாதிப்பு என்று 1993-ல் எழுதினார் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர்.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சியிலிருந்து வரும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்வதைக் கெடுக்கின்றன. விளைவு, மாத்திரையைச் சரியாகப் போட்டும் சிலருக்குச் சர்க்கரை இறங்குவதில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல சான்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய்க்குச் சிகிச்சை கொடுத்தபோது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைந்தது. அதாவது 8.4 இருந்தவருக்கு 8 என்ற அளவில். இதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையோடு ஈறையும் கவனித்தால் கூடுதல் பலன், அவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது, ‘பல் தேய்ச்சா ரத்தம் வருதும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சர்க்கரை டாக்டரிடமும் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்பதற்காக நாம் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை.

மெல்ல முடியாதவர் தட்டு

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். கடைவாய்ப் பற்கள் போனவர் நொறுக்குவது எப்படி? சுண்டல் போகும், காய் போகும், கடிக்க வேண்டிய பழங்கள் போகும். நண்டும் இறாலும் பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டே அவற்றை மெல்ல முடியாமல் ஒதுக்க வேண்டிவரும். மிஞ்சுவது குழைந்த சோறும், டீயில் நனைத்த பன்னும். இரண்டுமே சர்க்கரையை வேகமாக ஏற்றுபவை.

இதை ஜப்பான் முன்கூட்டியே கவனித்தது. 80 வயதிலும் 20 சொந்தப் பற்கள் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு ‘8020’ என்ற இயக்கத்தை 1989-ல் அங்கே தொடங்கினார்கள். 20 பற்கள் இருந்தால் ஏறக்குறைய எல்லா உணவையும் மெல்ல முடியும் என்பதே கணக்கு.

கழுத்துக்கு இறங்கும் சீழ்

கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழ், நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவலாம். நாக்கு மேலே தூக்கி, மூச்சுப்பாதை அடைபடும். 1836-லேயே ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த இந்த நிலை இன்றும் உயிரைப் பறிக்கக்கூடியது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

தாடைக்குக் கீழ் கல் மாதிரி வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாற்றம், காய்ச்சல். இவை வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

இதயத்துக்குப் பல் என்ன செய்யும்?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே பழுதான இதய வால்வில் ஒட்டிக்கொண்டு கடுமையான தொற்றை உண்டாக்கும் என்பது உறுதியான உண்மை. இதய வால்வில் பழுது உள்ளவர்களும் வால்வு மாற்றியவர்களும் பல் பிடுங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தேவைப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

மாரடைப்பு விஷயம் வேறு. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதயநோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் அறிவித்தது. புகையிலையும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். எனவே ‘பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பல்லில் கோளாறு இல்லாமல் கீழ்த்தாடையில் வலி, கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை என்றால் அது பல்வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம்.

கன்னத்தில் ஒதுக்கும் பாக்கு

புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். அதனால் நோய் இருப்பதே தெரியாது. பாக்கு இன்னொரு வகையில் ஏமாற்றும். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ‘மாவாதான் போடுறேன், சிகரெட் இல்லையே’ என்பது சமாதானம் ஆகாது.

பாக்கு போடுகிறவர்களுக்கு வாயின் உட்புறத் தசை விறைத்து, வாய் திறக்கும் அளவு மெல்ல மெல்லச் சுருங்கும். காரம் பட்டாலே எரியும். இது பிறகு புற்றுநோயாக மாறக்கூடியது. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்றால் உடனே காட்ட வேண்டும்.

பயப்பட வேண்டாத மூன்று

* ‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும்.’ போகாது. பல்லுக்கும் பார்வைக்கும் நரம்பு வேறு வேறு.
* ‘கிளீனிங் செய்தால் பல் ஆடும்.’ காரை எடுத்ததும் இடைவெளி தெரிவதால் அப்படித் தோன்றும். பல்லை ஆடவைப்பது காரைதான், கிளீனிங் அல்ல.
* ‘கர்ப்பிணிகள் பல் வைத்தியம் செய்யக் கூடாது.’ கர்ப்ப காலத்தில் ஈறு வீங்குவது சகஜம். நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். கர்ப்பம் என்பதை டாக்டரிடம் சொன்னால் போதும்.

தினமும் செய்ய வேண்டியவை

* காலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, இரண்டிரண்டு நிமிடம். காலையில் அவசரமானால்கூட இரவு தவறக் கூடாது.
* மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும். நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடு போய்விடும்.
* செங்கல் பொடி, சாம்பல், கரி வேண்டாம். பல்லைத் தேய்த்துவிடும்.
* சர்க்கரை போட்ட டீயின் எண்ணிக்கையைக் குறையுங்கள். குடித்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள்.
* வலி மாத்திரையை ஈறில் வைக்காதீர்கள், புண்ணாக்கும். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்காதீர்கள்.
* பல்செட் வைத்திருக்கும் தாத்தா, பாட்டி இரவில் அதைக் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும்.

எங்கே போவது?

தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953 முதல் சென்னையில் இயங்குகிறது. எண்ணூரிலிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வந்து, அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் இறங்கினால் பக்கம்தான். ஸ்டான்லியிலும் பல் பிரிவு உண்டு. கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கிளம்பலாம்.

அதற்கு முன் இன்றிரவே வீட்டில் ஒரு சோதனை. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, மூன்று விரலை நெடுக்காக நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைகிறதா? நாக்கின் இரு ஓரத்திலும், கன்னத்தின் உட்புறத்திலும் திட்டோ புண்ணோ இருக்கிறதா? தேய்த்துத் துப்பிய நுரையில் சிவப்பு தெரிகிறதா? இரண்டு நிமிட வேலை, பைசா செலவில்லை. ஒன்று சரியில்லை என்றாலும் ‘பல்லுதானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.