எதிர்வீட்டு உறைமோர்

இரவில் பாலுக்கு உறை ஊற்றப் போகிறோம். தயிர்ப் பாத்திரத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. உடனே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவோம். போன மாதம் நம்மிடம் வாங்கிய உறையில் தோய்ந்த தயிர்தான் அங்கே இருக்கும். போட்டோ, வீடியோ, பத்திரம், சான்றிதழ் என்று எல்லாவற்றையும் கிளவுடில் போடுகிறோமே, அதுவும் இப்படி ஒரு உறைமோர் எங்கேயோ இருக்கிறது என்ற தைரியத்தில்தான். ஆனால் கிளவுடில் போட்டதெல்லாம் எதிர்வீட்டு உறைமோர் ஆகிவிடாது. எது ஆகும், எது ஆகாது என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பலரும் முதலில் கேட்பது, எத்தனை ஜிபி இலவசம் என்று. கூகுள் கணக்குக்கு 15, மெகாவில் 20, ஐகிளவுடிலும் ஒன்டிரைவிலும் 5, டிராப்பாக்ஸில் 2. இதில் கூகுளின் 15 ஜிபி கூட்டுக் குடும்பத்து ஃபிரிட்ஜ் மாதிரி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் அதே ஃபிரிட்ஜ்தான். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதற்குள்ளேதான். போட்டோக்கள் வந்து அடைத்துக்கொண்டால் மெயில் வருவதே நின்றுபோகும்.

இனி 4 ஜிபி அளவுள்ள ஒரு கல்யாண வீடியோவை அனுப்பிவிட்டு, அதன் பின்னாலேயே நடப்போம்.

முதலில் அது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இன்டர்நெட் வேகத்தை எம்பிபிஎஸ் என்கிறார்கள், ஃபைலின் அளவை எம்பி என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பழைய அளவையில் எட்டு ஆழாக்கு ஒரு படி. அதே போல எட்டு பிட் ஒரு பைட். வேகத்தை ஆழாக்கிலும் ஃபைலைப் படியிலும் அளக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு ஒன்றேகால் எம்பிதான் வெளியே போகும். நம் வீடியோ போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். 400 ஜிபி சேர்த்து வைத்திருப்பவருக்கு இரவும் பகலுமாக நான்கு நாள் பிடிக்கும். பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வீடியோ மொத்தமாகப் போவதில்லை. நாற்றங்காலில் பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டித்தானே வயலுக்குக் கொண்டுபோகிறோம், அது போல. டிராப்பாக்ஸ் ஒரு ஃபைலை 4 எம்பி துண்டுகளாகப் பிரிக்கிறது. அப்படியானால் நம் வீடியோ சுமார் ஆயிரம் முடி. நெட் நடுவில் அறுந்தால், போய்ச் சேராத முடிகளை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். ஒவ்வொரு முடியோடும் எடைச் சீட்டு மாதிரி ஒரு எண்ணும் போகும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் ஒத்துப் பார்த்து, எது கெட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு அவை இறங்குமிடம், நாளெல்லாம் குளிரூட்டியபடி இருக்கும் ஒரு பெரிய கட்டடம். குளிர்பதனக் கிடங்கில் மூட்டைகளை அடுக்கியிருப்பது போல, உள்ளே டிஸ்க்குகளை அடுக்கியிருப்பார்கள். டிஸ்க் கெட்டுப்போவது அங்கே அன்றாட விஷயம். கெட்டாலும் நம் வீடியோ எப்படிப் பிழைக்கிறது? மூன்று டப்பாவில் 3 படி, 4 படி, 2 படி அரிசி இருக்கிறது, மொத்தம் 9 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு டப்பா காணாமல் போனாலும் 9இல் மற்ற இரண்டையும் கழித்தால், அதில் 4 படி இருந்தது என்று தெரிந்துவிடும். 1960இல் ரீட், சாலமன் என்ற இருவர் வகுத்த கணக்கு இன்னும் ஒரு படி மேலே போய், பல டப்பாக்கள் ஒன்றாகத் தொலைந்தாலும் மீட்டுத் தருகிறது. பேக்பிளேஸ் என்ற கிளவுட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட முறையில் ஒரு ஃபைல் 20 பங்காகி 20 கணினிகளில் போய் உட்காரும். அவற்றில் எந்த 17 கிடைத்தாலும் ஃபைல் முழுதாகத் திரும்பிவிடும். எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு தீராத கணக்கு இது.

ஆனால் டப்பாக்கள் இருக்கும் சமையலறையே எரிந்தால் எந்தக் கணக்கும் உதவாது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற அரசுக் கிளவுடில் இருந்த 858 டெராபைட் போனது போனதுதான். அளவு பெரிது என்று வெளியே வேறு பிரதி வைக்காமல் விட்டிருந்தார்கள். ஆகவே ஒரு சேவையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிரதி வேறு ஊரிலும் இருக்கிறதா என்பது.

அப்புறம் சாவி. பெரும்பாலான சேவைகள் ஃபைலைப் பூட்டித்தான் வைக்கின்றன, ஆனால் சாவி அவர்களிடமும் இருக்கும். வீட்டுக்காரர் கையில் மாற்றுச் சாவி இருப்பது போல. நாம் தொலைத்தால் திறந்து விடுவார். அவர் நினைத்தாலும் திறக்கலாம். புரோட்டான் டிரைவ், மெகா போன்றவற்றில் நாமே பெட்டியைப் பூட்டி, பூட்டிய பெட்டியைத்தான் கிடங்கில் விடுகிறோம். ஐகிளவுடிலும் 2022 டிசம்பரிலிருந்து இந்த வசதி உண்டு, நாமாகப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். சாவியும் மீட்புக் குறியீடும் தொலைந்தால் பெட்டியை யாராலும் திறக்க முடியாது. என் யோசனை: பத்திரமும் மருத்துவ அறிக்கையும் சொந்தப் பூட்டில் இருக்கட்டும். கல்யாணப் படங்களுக்கு மாற்றுச் சாவி இருப்பதே நல்லது.

இப்போது வருவதுதான் பலரையும் அழவைத்த இடம்.

மாடித் தொட்டியையும் சமையலறைக் குழாயையும் பாருங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று குழாயைத் திறந்துவிட்டால் தொட்டியும் சேர்ந்துதான் காலியாகும். ஏனென்றால் நடுவில் பைப் இருக்கிறது. போனுக்கும் கிளவுடுக்கும் நடுவிலும் இப்படி ஒரு பைப் உண்டு, அதற்குப் பெயர் சிங்க். இங்கே சேர்த்தால் அங்கேயும் சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வைரஸ் வந்து ஃபைலைக் கெடுத்தால், கெட்டதுதான் பைப்பில் ஏறும். போனில் இடமில்லை என்று பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்களை அழித்த ஒரு சித்தி எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். அதுதான் கிளவுடில் இருக்கிறதே என்று நம்பினார். மூன்று மாதம் கழித்துத் தேடும்போது தொட்டியும் காலி.

அழித்தது உடனே போய்விடாது என்பது கொஞ்சம் ஆறுதல். வழிந்த தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பது போலக் குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும். கூகுள் டிரைவில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள். மாற்றி எழுதிய ஃபைலின் பழைய வடிவத்தை டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு 30 நாள் வைத்திருக்கும். சேவைகளை ஒப்பிடும்போது ஜிபிக்கு முன்னால் இந்த நாள்கணக்கைப் பாருங்கள். போட்டோஸில் போனை மட்டும் காலி செய்யத் தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் தொட வேண்டும். சாதாரணமாக அழித்தால் இரண்டு பக்கமும் போகும்.

எதிர்வீட்டுத் தயிருக்கும் நம் பாத்திரத்துக்கும் நடுவே பைப் கிடையாது. நம்முடையது புளித்தாலும் கொட்டினாலும் அது பாட்டுக்கு இருக்கும். பேக்கப் என்றால் அதுதான்.

கடைசியாக, பொருளை வெளியே எடுக்கும் வாசல். கூகுளில் டேக்அவுட் என்ற வழியாக மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு வருடம் எட்டியே பார்க்காத தனிநபர் கணக்கை அழிக்கக் கூகுளுக்கு உரிமை உண்டு, 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே எந்தச் சேவையானாலும் பணம் கட்டும் முன் சின்னதாக ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் பத்துப் படங்களை ஏற்றுங்கள். பிறகு அழியுங்கள். பிறகு வேறொருவர் போனிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்து அவற்றை மீட்டு, அந்தப் போனில் இறக்கிப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் திணறினால், அவசரத்தில் அந்தச் சேவை கைகொடுக்காது. பார்த்து முடித்ததும் அந்தப் போனிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

நான் ஒரு கிளவுட், ஒரு ஹார்ட் டிஸ்க் என்று வைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி, தேதி எழுதி ஒட்டி, அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். அக்காவின் டிஸ்க் எங்கள் வீட்டில் இருக்கிறது.