பூவில் மட்டும் விழிக்கும் மரபணு

ஒரு செடியின் வேர், இலை, இதழ் ஆகிய எல்லா உறுப்புகளின் உயிரணுக்களிலும் ஒரே டிஎன்ஏ இருந்தும், சில மரபணுக்கள் பூவில் மட்டும் செயற்படுவதற்கு முதன்மையான காரணம், மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னால் அமைந்து, அது எங்கே, எப்போது படியெடுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் 'முன்னியக்கி' என்ற டிஎன்ஏ பகுதியாகும். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில், பூமொட்டுத் திசுவில் பெருகும் லீஃபி என்னும் புரதம், அபெட்டலா1 மரபணுவின் முன்னியக்கியிலுள்ள குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பற்றிக்கொள்ள, அம்மரபணு இயங்கத் தொடங்குகிறது. ஆயினும் இயற்கை பாடநூலுக்குக் கட்டுப்படுவதில்லை: மகரந்தத்தாளையும் சூலகத்தையும் உருவாக்கும் அகமஸ் மரபணுவுக்கான முக்கியக் கட்டளைகள் முன்னியக்கியில் அன்றி, மரபணுவின் உள்ளேயே, புரதச் செய்தியிலிருந்து வெட்டி நீக்கப்படும் 'இன்ட்ரான்' பகுதிகளுள் இரண்டாவதில் அமைந்துள்ளன.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் புரோவார்ட்டின் ஆய்வுக்குழு 2007இல் வெளியிட்ட இஎஃப்பி உலாவி, ஒரு மரபணுவின் இயக்க அளவைச் செடியின் ஓவியத்தின் மீது மஞ்சள் முதல் சிவப்பு வரையான நிறங்களாகக் காட்டுவதால், பூவுக்கே உரிய மரபணுக்களை ஆய்வாளர்கள் எளிதில் இனங்காண்கின்றனர். எனினும் அந்த ஓவியம் இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது; முன்னியக்கியைத் தனியே பிரித்து, நீலநிறம் தரும் குஸ் மரபணுவுடன் இணைத்துச் செடியில் செலுத்தி, பூ மட்டும் நீலமாகிறதா என்று பார்த்தாக வேண்டும்.